கன்னத்தில் இருக்கும் என் இடது கை

மாப்ளே,

இன்று காலை ஏழு மாதத் தாடியை எடுத்தேன். நானாக எடுக்கவில்லை, செல்வி எடுக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்தில் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். "இந்த மூஞ்சியோட வந்தீங்கன்னா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஏதோ சாமியாருன்னு நெனச்சுத் துன்னூறு கேப்பாங்க" என்றாள். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாக வந்திருக்கும் சலூனில் போய் உட்கார்ந்தேன். நல்ல தொழில்காரர்தான், குறை சொல்ல மாட்டேன். முடித்துவிட்டு ஈரமான படிகாரக் கட்டியை எடுத்து இடது கன்னத்தில் ஒரு தேய் தேய்த்தார். அந்தக் குளிர்ச்சியும் எரிச்சலும் கன்னத்தில் வந்தது போலவே, எட்டு வருஷத்துக்கு முன்னால் போன என் இடது கையின் விரல்களிலும் வந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்கண்ணா, எரியுதுங்களா?" என்று கேட்டார். "கட்டை வெரல்ல கொஞ்சம் எரியுதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என் சட்டையின் காலிக் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், படிகாரத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

இந்தக் கன்னத்தை உன்னைத் தவிர இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை என்ற வீம்பில்தான் தாடி வளர்த்தேன். ஊரில் துக்கம் என்று நினைத்தார்கள். துக்கமும்தான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே சொல்வாய். ஆனால் நீ போனதிலிருந்து நம் கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி பேசுகிறார்கள். "கை போன அதிர்ச்சியில இவனுக்குப் புத்தி பெசகிப் போச்சு. அந்தச் சலூன்காரன் நல்ல மனுசன், பாவம் பாத்து இவன் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனான்" என்று போன வாரம் டீக்கடையில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். எனக்குப் புத்தி பிசகவில்லை. நீ பாவம் பார்த்துத் தலையாட்டுகிற ஆளும் இல்லை, முப்பது வருஷப் பழக்கத்தில் நான் சொன்ன எதற்குமே நீ லேசில் தலையாட்டியதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன், மற்றவர்களும் வேண்டுமானால் படித்துக்கொள்ளட்டும்.

கோத்தகிரி ரோட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் சி.டி.சி. மெஷினில் நின்றவன் நான். வாடிய இலையைப் பல் வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நறுக்குகிற மெஷின். மழைக்காலத்தில் இலை ஈரமாக வந்து அடைத்துக்கொள்ளும். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனால் நிறுத்தினால் பின்னால் இலை குவிந்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் ஓடும்போதே தட்டிவிடுவோம். ஓர் ஆடி மாசத்துச் சாயங்காலம் அப்படித் தட்டிவிடப் போய்த்தான் இடது கை உள்ளே போனது. முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே எடுத்துவிட்டார்கள். தப்பு என்னுடையது, அதை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

புண் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் கை போகவில்லை. உருளை இழுத்த நொடியில் எப்படி இறுகியதோ அப்படியே அந்த முஷ்டி இறுகிக் கிடந்தது. நகங்கள் உள்ளங்கையில் குத்தின. பிரித்துவிடலாம் என்றால் பிரிக்க அங்கே ஒன்றுமே இல்லை. வலது கையால் காற்றைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். செல்வி அடுப்படியில் இருந்து அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். வெட்டிய கையைச் சரியாகப் புதைக்கவில்லை, அதுதான் கூப்பிடுகிறது என்று அவள் அண்ணன் சொன்னார். கருப்பராயனுக்குக் கிடா வெட்டச் சொன்னார்.

தொழிற்சாலையில் இருந்து ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இல்லாத கை எப்படி வலிக்கும் என்று கேட்டார். எப்படி என்று தெரியாது, ஆனால் வலிக்கிறது என்றேன். மனநிலை சீராக இல்லை, இயந்திரங்களுக்கு அருகில் வேலை தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டீமேக்கர், அதாவது தொழிற்சாலையை நடத்துகிற அதிகாரி, அந்தக் காகிதத்தை மடித்துக்கொண்டே தன்மையாகத்தான் பேசினார். "கேட்டுகிட்ட ஒரு சேர் போட்டுத் தர்றேன், உக்காந்துக்கப்பா. கை வலிக்குதுன்னு மட்டும் இனி யார்கிட்டயும் சொல்லாத." அந்த வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டில் உட்கார மாட்டேன், வலிக்கவில்லை என்று சொல்லவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் பொய் சொல்லவில்லை, எனக்குப் பைத்தியம் இல்லை, இதை ஒரே ஓர் ஆளாவது நம்பினால் போதும் என்று அலைந்த நாட்கள் அவை.

அப்போதுதான் உன் கடைக்கு வந்தேன். முகம் முழுக்க மூன்று வாரத் தாடி. ஆறாம் வகுப்பில் இருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம், ஆனாலும் உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எனக்கும் அதே சட்டம்தான். கத்தி கன்னத்தில் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது, எச்சில்கூட விழுங்கக் கூடாது. ஊர்க்கதை முழுவதையும் நீயே பேசிக்கொள்வாய். நுரை தடவி, இடது தாடையில் கத்தியை வைத்து இழுத்தாய். யாரோ என் சுண்டு விரலைப் பிடித்து இழுத்தார்கள். நான் துள்ளியதில் கத்தி கீறி ரத்தம் வந்துவிட்டது.

"அட நாசமாப் போறவனே! கழுத்தா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கத்தினாய்.

"என்ர வெரலைத் தொட்டியா?"

"எந்த வெரலை?"

"இடது கையில. சுண்டு வெரலு."

காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. வெந்நீரில் துண்டை நனைத்துக் கன்னத்தில் ஒற்றினாய். சூடான நீர் கன்னத்தில் வழிந்தபோது, போன கையின் புறங்கையிலும் வழிந்தது. அதையும் சொன்னேன். நீ என்னைக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "கண்ணை மூடு" என்றாய். சீப்பின் வால் நுனியால் கன்னத்தில் ஓரிடத்தைத் தொட்டாய். கட்டை விரல் என்றேன். இன்னோரிடம். ஆள்காட்டி விரல் என்றேன். வேறோரிடம். அது வெறும் கன்னம்தான் என்றேன். சொல்லாமல் கொள்ளாமல் பழைய இடத்துக்கே திரும்பி வந்தாய், மறுபடியும் கட்டை விரல்தான். காத்திருந்தவர்கள் எழுந்து வந்து நாற்காலியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சட்டைப்பையில் இருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, என் கன்னத்தில் ஐந்து விரல்களுக்கும் எல்லை போட்டாய்.

"நீ சொல்றது நெசந்தான்டா" என்றாய். "அதே எடத்தத் தொட்டா அதே வெரலைச் சொல்ற. பொய் சொல்றவனுக்கு இத்தன ஞாபகசக்தி வேணும். பள்ளிக்கோடத்துல ஏழாம் வாய்ப்பாடே நீ முழுசாச் சொன்னதில்ல."

நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். ரத்தமும் நுரையும் மசியுமாக முகம் எப்படி இருந்ததோ தெரியாது. வீட்டுக்குப் போனதும் செல்வி அலறினாள். "சலூனுக்குப் போனீங்களா, பச்சை குத்தப் போனீங்களா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் நீயே என்னை ஊட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாய். அங்கே இருந்த டாக்டரம்மா நாம் சொன்னதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. பஞ்சால் தொட்டுப் பார்த்தார், பேனாக் கோடுகளைப் பார்த்தார், யார் போட்டது என்று கேட்டார். உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையில் தனித்தனி இடம் இருக்கிறதாம். கைக்கான இடத்துக்குப் பக்கத்திலேயே முகத்துக்கான இடம். கை போய்விட்டால் அந்த இடத்துக்குச் சேதி வருவது நின்றுவிடும். சும்மா கிடக்கிற அந்த இடத்துக்குள், பக்கத்தில் இருக்கும் முகம் மெல்ல மெல்ல நுழைந்துவிடும் என்றார்.

நீ வாயை மூடிக்கொண்டு இருந்தாயா? "அப்ப இவன் மூளைக்குள்ள ஆக்கிரமிப்பு நடந்திருக்குதுங்க டாக்டர். பட்டா இன்னும் கை பேருலதான் இருக்குதுங்களா?" என்று கேட்டாய். டாக்டரம்மா சிரித்துவிட்டார். பட்டா இன்னும் கை பெயரில்தான் இருக்கிறது, அதனால்தான் கன்னத்தைத் தொட்டால் கை என்று நினைக்கிறது என்றார். தாயின் வயிற்றில் உருவாகத் தொடங்கியதில் இருந்து கடைசி மூச்சு வரை இந்த வரைபடம் மாறிக்கொண்டேதான் இருக்கும், நாம் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதற்குத் தக்கபடி மாறும் என்றார். உன் கையைக் காட்டச் சொன்னார். "இத்தன வருசம் கத்தி புடிச்ச வெரலுக்கு உங்க மூளையில எடம் பெருசா இருக்கும்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து உன் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரையும் நீ விட்டதில்லை. முகம் மழிக்க வந்தவர்களெல்லாம் உன் மூளையின் அளவைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

முஷ்டியைப் பிரிக்கவும் டாக்டரம்மா வழி சொன்னார். ஒரு கண்ணாடியை நெஞ்சுக்கு நேராக, இரண்டு கைகளுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். வெட்டுப்பட்ட கை கண்ணாடிக்குப் பின்னால், நல்ல கை முன்னால். கண்ணாடியில் தெரிகிற வலது கை, பார்ப்பதற்கு இடது கையாகவே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே மூடித் திறக்க வேண்டும். கை இருக்கிறது, திறக்கிறது என்று கண் போய் மூளையிடம் சொல்லும். தினமும் வீட்டில் செய், வாரத்துக்கு ஒரு நாள் கடைக்கு வா, நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன் என்றாய். செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னந்தலை முடியைக் காட்டுவாயே, அந்தப் பெரிய கைக்கண்ணாடியை என் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொள்வாய். "மூடு. தொற. மெதுவா. அவசரம் என்ன, பஸ்ஸா போகுது?" மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வெறுத்துவிட்டது. எழுந்து போகப் பார்த்தேன். "உக்காருடா, கண்ணாடி புடிக்கிற எனக்கே கை கடுக்குது, உனக்கு என்ன?" என்று அதட்டினாய்.

இதற்கு நடுவில் ஊர் வேறு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, பாதி ஷட்டர், உள்ளே இரண்டு பேர், கண்ணாடியையே உற்றுப் பார்க்கிறார்கள். மை போட்டுப் பார்க்கிறோம் என்று கிளப்பிவிட்டார்கள். களவு போன பொருள் எங்கே இருக்கிறது என்று மை தடவிப் பார்த்துச் சொல்கிற தொழில். ஒரு நாள் தோட்டத்துக் கீழ் லைன் வீடுகளில் இருந்து ஓர் அம்மா ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார்.

"ஏனுங்க, என்ர வெள்ளாடு ரெண்டு நாளாக் காணோமுங்க. கண்ணாடியில சித்தே பாத்துச் சொல்லுங்க."

"அம்மா, நாங்களே இவன் கையத் தேடிட்டு இருக்கறமுங்க. அது கெடைக்கட்டும், அப்புறம் உங்க ஆட்டைத் தேடலாம்" என்றாய்.

அந்த அம்மா பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார். நம் கெட்ட நேரம், மறுநாள் காலையில் ஆடு தானாகத் திரும்பி வந்துவிட்டது. தேங்காய் பழத்தோடு வந்து நின்றார். அதற்குப் பிறகு காணாமல் போன கோழி, கம்மல், குக்கர் விசில் என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம்தான் வந்தார்கள்.

சிரிப்பாக இருந்தது தொழிற்சாலை வரைக்கும் போனபோது சிரிப்பாக இல்லை. வலி உண்மைதான் என்று டாக்டரம்மா எழுதித் தந்த கடிதத்தை டீமேக்கரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தேன். அவர் அதை மேசை டிராயரில் போட்டுவிட்டு, "மை போடறவன மெஷின் பக்கம் விட்டா நாளைக்கு எவனாவது ஒரு விரலை நறுக்கிக்கிட்டாலும் உன்மேலதான் பழி வரும். கேட்டு சேருதான், இல்லன்னா வேலையில்ல" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். உன்னிடம் வந்து சொன்னேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. கடையில் ஏழு பேர் காத்திருந்தார்கள், ஒருவர் முகத்தில் நுரையோடு இருந்தார். அவரை மட்டும் முடித்துவிட்டு ஷட்டரை இறக்கினாய். வாரத்தில் உனக்குத் தொழில் நடக்கிற ஒரே நாள். துண்டும் சீப்பும் எடுத்துக்கொண்டு என் முன்னால் நடந்தாய்.

சனிக்கிழமை பறித்த இலை மெஷினில் ஓடிக்கொண்டிருந்ததால் ஞாயிறன்றும் டீமேக்கர் இருந்தார். அவர் அறையிலேயே என்னை உட்கார வைத்து, கண்ணைத் துண்டால் கட்டினாய். "நான் தொட மாட்டனுங்க. நான் தொட்டா கூட்டுக் களவாணின்னு சொல்லுவீங்க. நீங்களே தொடுங்க" என்றாய். அவர் பேனா மூடியால் தொட்டார். நடு விரல் என்றேன். மறுபடி தொட்டார், சுண்டு விரல். வலது கன்னத்தைத் தொட்டார். "அது கன்னமுங்க" என்றேன். தொடாமலேயே "இது?" என்று கேட்டார். "நீங்க இன்னும் தொடலீங்க" என்றேன். மெஷின் ஹாலில் இருந்தவர்கள் வாசலில் வந்து நிற்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. பேனா மூடி ரொம்ப நேரம் என் கன்னத்தில் அலைந்தது. துண்டை அவிழ்த்தபோது அவர் முகம் வேர்த்திருந்தது.

"சரிப்பா. இதைப் பேப்பர்ல நான் என்னன்னு எழுதறது?" என்று கேட்டார்.

"வலிக்குதுன்னு எழுதுங்க. வேற என்ன எழுதறது?" என்றாய்.

சத்தம் போடவில்லை நீ. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாய். என் வாழ்க்கையில் எனக்காக ஒருவர் பேசிய மிகப் பெரிய பேச்சு அதுதான். உருளைப் பக்கம் அவர்கள் என்னைக் கடைசி வரை விடவில்லை, இலை உலர்த்துகிற ட்ரையரில் போட்டார்கள். எட்டு வருஷத்தில் ஏழு வருஷமாக அங்கேதான் நிற்கிறேன். கேட்டில் போட்ட அந்தச் சேரில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

முஷ்டி பிரிந்தது அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. கண்ணாடியில் கை திறந்தது, உள்ளேயும் திறந்தது. முதலில் சுண்டு விரல், பிறகு மற்றவை ஒவ்வொன்றாக. உள்ளங்கையில் காற்று படுவதுபோல் இருந்தது. நான் சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்து உனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறினாய். "ஆட்டுக்காரம்மாகிட்டச் சொல்லிட்டு வந்தர்றன், கை கெடச்சிருச்சுன்னு" என்றாய்.

போன கார்த்திகையில், கடையில் நின்றபடியே சரிந்தாய். நாற்காலியில் இருந்தவர் கன்னத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று சொன்னார்கள், அந்த நேரத்திலும் கத்தியை விலக்கிப் பிடித்திருக்கிறாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். நான் உன் கடையைத் திறந்து அந்தக் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் காவலுக்கு நின்றவர் கண்ணாடியெல்லாம் உள்ளே விட முடியாது என்றார். மூன்று நாள் சண்டை போட்டேன். நாலாம் நாள் டாக்டரே வெளியில் வந்தார்.

"மூளை மாறும்னு உங்க ஆளுங்கதானுங்க சொன்னாங்க! எனக்கு மாறுச்சு, இவனுக்கு மாறாதா?" என்று கத்தினேன்.

"மாறுங்க" என்றார் அவர் பொறுமையாக. "ஆனா அதுக்கு ஆளு முழிச்சிருக்கணும். நாள் வேணும்."

உனக்கு ஒன்பது நாள்தான் கிடைத்தது. எனக்காக எத்தனை செவ்வாய்க்கிழமைகளைக் கொடுத்தாய், உனக்கு ஒரு செவ்வாய்க்கிழமைகூட என்னால் கொடுக்க முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, போக வேண்டாம் என்றும் இருக்கிறது.

கடைசி நாள் என்னைப் பத்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். கத்தி பிடித்த உன் வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. தூக்கினேன், கனத்தது. குனிந்து என் இடது கன்னத்தில் வைத்துக்கொண்டேன். வலது கையால் அதன்மேல் பொத்திக்கொண்டேன். உன் விரல்கள் கன்னத்தில் படப்பட, என் இடது கையின் ஒவ்வொரு விரலிலும் பட்டன. அந்த இடது கை மூடிக்கொண்டது, உன் விரல்களை உள்ளே வைத்து. அங்கே இருந்த நர்ஸ் அருகில் வந்தார்.

"அண்ணா, அவருக்கு எதுவும் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியுது சிஸ்டர். ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கறன்" என்றேன். அவர் என் காலிச் சட்டைக் கையைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்லவில்லை. நம்பினால் நம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் ஊட்டி டாக்டரம்மாவைப் பார்த்தேன். அன்றிலிருந்து இடது கை மூடியே இருக்கிறது என்று சொன்னேன். பதறிப்போய், மறுபடியும் வலிக்கிறதா, நகம் குத்துகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பழையபடி கண்ணாடி வைத்துத் திறந்துவிடலாம், ஒரு மாதம் கூட ஆகாது என்றார்.

"வேண்டாமுங்க டாக்டர்" என்றேன். "உள்ள அவன் கை இருக்குதுங்க."